வூட்ல சொல்லிக்கினு வந்தியா?

நேற்றுக் காலை ஏழரை மணிக்கு ஒர்க்‌ஷாப்பில் நம் காரில் ஏறி உட்கார்ந்தேன். முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கவில்லை.

எட்டு மாதமாக இடித்துக்கொண்டிருந்த முழங்கால் அது. என்ன மாறியது என்று ஒரு கணம் புரியவில்லை. கை தானாகச் சீட்டுக்கு அடியில் போனது. சீட் நகரும் தண்டில் ஒன்பது பற்கள் இருக்கின்றன. உன் இடம் முன்னாலிருந்து இரண்டாவது. விரலால் எண்ணிப் பார்த்தேன். சீட் ஏழாவது பல்லில் இருந்தது.

“இன்னா சார் நீங்க, கொக்கு மாதிரி காலை மடக்கிக்கினு எப்படித்தான் ஓட்டுனீங்களோ! பின்னாடி தள்ளி வெச்சிட்டேன். கண்ணாடியும் உங்க உயரத்துக்குத் திருப்பிட்டேன்” என்றார் மெக்கானிக், கையைத் துணியில் துடைத்தபடி. முகத்தில் அத்தனை சந்தோஷம்.

“தேங்க்ஸ்ண்ணா” என்றேன். அவர் மேல் என்ன தப்பு? நீ கடைசியாக வண்டியை நிறுத்தியபோது இருந்த பல்லிலேயே நான் சீட்டை வைத்திருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? கண்ணாடியையும் நான் தொடவில்லை. உன் கண்ணுக்குத் திருப்பிய கண்ணாடியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பின் சீட்டும் அதன் மேல் நீ விரித்த பூப்போட்ட துணியும்தான். பின்னால் எது வருகிறது என்று பார்க்காமலேயே எட்டு மாதம் ஓட்டியிருக்கிறேன். கம்பெனியில் மற்றவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிற ஆள் நான்.

உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதுகூடத் தோன்றவில்லை. அடுத்த கால் மணி நேரத்தில் ரயில்வே கேட்டில் நடந்ததுதான் எழுத வைக்கிறது. அதைச் சொல்ல, நான் கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

நம் வண்டி வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். சின்ன காஞ்சிபுரத்து டாக்டர் ஒருவர் பத்து வருஷம் ஓட்டிவிட்டுக் கொடுத்த எண்ணூறு சிசி கார். வெள்ளை என்று சொல்லித்தான் கொடுத்தார். பழைய வேட்டி நிறத்தில் இருந்தது. பிள்ளையார்பாளையத்திலிருந்து உங்கப்பா பார்க்க வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றினார். குனிந்து உள்ளே பார்த்தார். “நல்லா இருக்குது மாப்ளே. மிச்ச வண்டி எப்ப வரும்?” என்று கேட்டார். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

ரோட்டில் அதற்கு வேறு பெயர்கள். தீப்பெட்டி. சோப்பு டப்பா. பொடி டப்பா. வாலாஜாபாத் ரோட்டில் பஸ், மணல் லாரி, கொடி கட்டிய ஜீப் எல்லாம் நம்மைப் பார்த்தவுடன் ஹாரனை அழுத்தும். நம் வண்டியின் எடை அறுநூற்றைம்பது கிலோ. ஆள் ஏற்றிய பஸ்ஸின் எடையை, மணல் ஏற்றிய லாரியின் எடையை மனதுக்குள் இதனால் வகுத்துப் பார்ப்பேன். எத்தனை தடவை வகுத்தாலும் விடை நமக்குச் சாதகமாக வராது. அந்தக் கோபத்திலேயே ஓட்டுவேன். வழி மறித்தவனைத் துரத்துவேன், பகலிலும் ஹெட்லைட் அடிப்பேன், சாவுகிராக்கி என்று கத்துவேன். கத்துவது எனக்கும் உனக்கும் மட்டும்தான் கேட்கும்.

காந்தி ரோட்டில் ஒரு முகூர்த்த மாதத்தில், கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்களின் வேன் நம்மை அடைத்துக்கொண்டு நின்றதே, அன்றைக்கு நான் இறங்கியே விட்டேன். கால் மணி நேரம் சண்டை. கடைசியில் அந்த டிரைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “போய்யா, உன் வண்டிய எட்த்து பாக்கெட்ல போட்டுக்கினு போ” என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆத்திரத்தில் நம் பானெட்டையே ஓங்கிக் குத்தினேன். அந்தக் குழி இன்னும் இருக்கிறது.

வீடு வந்து சேர்ந்தோம். படியேறும்போதுதான் சொன்னாய்.

“அவருக்கு ஒண்ணும் ஆவலைங்க. நம்ம வண்டிக்குத்தான் அடி. நாளையிலேர்ந்து நான் ஓட்டுறேன்.”

லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷமாகப் பீரோவில் வைத்திருந்தாய். வாலாஜாபாத்தில் உனக்கு ஸ்கூல். அங்கே கூட்டு ரோட்டில்தான் எனக்குக் கம்பெனி பஸ். என்னை இறக்கிவிட்டு நீ போகலாம். மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

முதல் நாள் காலை, நான் வீட்டுப் பூட்டைப் போட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். நீ கதவில் உள்ளங்கையை வைத்து, “போய்ட்டு வரோம்” என்றாய்.

“உள்ள யாரு இருக்கா, உனக்குப் பதில் சொல்ல?” என்று கேட்டேன்.

“யாரும் இல்லைங்க. சொல்லிட்டாத்தான் எனக்குக் கால் நகருது.”

அன்றைக்கே அந்த மஞ்சள் பஸ்ஸும் வந்தது. தனியார் பஸ், ஹாரனில் ஐந்து சுரம். ரயில்வே கேட்டுக்கு முன்னால் இருக்கும் மேட்டில் உன் கிளட்ச் தடுமாறி வண்டி நின்றுவிட்டது. பஸ் நம் பம்பரை முகர்ந்துகொண்டு நின்று ஐந்து சுரத்தையும் திரும்பத் திரும்ப வாசித்தது. பிறகு இடப்பக்கம் மண்ணில் இறங்கி நமக்கு இணையாக வந்தது. டிரைவரின் ஜன்னல் நேராக என் தலைக்கு மேலே. காலருக்குள் கர்ச்சீப், பெரிய மீசை. என்னைத் தாண்டி உன்னைப் பார்த்துக் கத்தினார்:

“இன்னாமா, வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?”

நம் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். சாகத்தான் கிளம்பினாயா, அதை வீட்டில் சொல்லிவிட்டாவது வந்தாயா என்று அர்த்தம். பஸ்ஸுக்குள் சிரிப்பு. நான் கதவைத் திறக்கப் போனேன். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்து, என் மடி மேல் சாய்ந்து, என் பக்கத்துக் கண்ணாடியை நீயே சுற்றி இறக்கினாய்.

“சொல்லிக்கினுதாண்ணா வந்தேன்! கதவுல கை வெச்சு சொல்லிட்டுத்தான் வண்டியே எடுத்தேன். நீங்க சொல்லிட்டு வந்தீங்களா?”

கிண்டல் இல்லை உன் குரலில். பக்கத்து வீட்டுக்காரரிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்பது மாதிரி கேட்டாய். பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு பூக்காரம்மா, “கேக்குதில்ல அந்தப் பொண்ணு, வாயத் தெறந்து சொல்லேன்பா!” என்று குரல் கொடுத்தார். டிரைவர் கியரைப் போட்டு வண்டியை நகர்த்தினார்.

“போய்ட்டு வாங்கண்ணா!” என்று பின்னாலேயே சொன்னாய்.

“அவன் உன்ன சாகச் சொல்றான், நீ போய்ட்டு வாங்கன்றே!”

“போறவங்களை வேற எப்படிங்க சொல்றது?” என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினாய். கொஞ்ச தூரம் போனதும், “பாவம், அவரு சொல்லிட்டு வரலை. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது” என்றாய்.

நான் நம்பவில்லை. நான்கு நாள் கழித்துக் கேட் போட்டிருந்தபோது அதே பஸ் நம் இடப்பக்கத்தில் வந்து நின்றது. மேலேயிருந்து, “யம்மா” என்று ஒரு குரல்.

“அன்னிக்கு கேட்டியே... நெஜமாவே சொல்லலமா. வூட்ல சண்ட. ஒரு வாரமா பேச்சே கெடையாது. நீ கேட்டுட்டுப் போயிட்ட, எனக்கு அன்னிக்கு பூரா ஸ்டியரிங் ஓடல. சாயங்காலம் போயி, ‘நாளைக்கி சொல்லிக்கினு போறேன்டீ’ன்னேன். ‘எங்க, எமலோகத்துக்கா?’ன்றா. ரெண்டு பேரும் சிரிச்சிட்டோம்.”

நடுவில் உட்கார்ந்திருந்த என் தலைக்கு மேலே நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் மெஷின் படித்தவன். எந்தப் பொருளை எங்கே தட்டினால் எவ்வளவு அசையும் என்று கணக்குப் போடத் தெரியும். பத்து டன் பஸ்ஸை ஓட்டுகிற மனுஷனை, அறுநூற்றைம்பது கிலோ வண்டியிலிருந்து ஒரே ஒரு கேள்வியால் நீ வீடு வரைக்கும் நகர்த்தியிருந்தாய். எந்தப் பாடத்திலும் அதற்குச் சூத்திரம் இல்லை. உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ கேட் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு தினமும் அதுவே வணக்கம் ஆனது. “சொல்லிக்கினு வந்தியா, டீச்சரம்மா?” “வந்தேண்ணா. நீங்க?” “ஆச்சு, ஆச்சு.” பஸ்ஸுக்குள் பாதிப் பேர் சேர்ந்து சொல்வார்கள். அதே வசவு, அதே எழுத்துகள். பொருளை மட்டும் நீ திருப்பிப் போட்டிருந்தாய். உங்கப்பா தறியில் நூல் சுற்றிய நாடாக் கட்டையை அந்தக் கைக்கு எறிவதும் இந்தக் கைக்கு வாங்குவதுமாக இருப்பாரே, அதைப் பார்த்து வளர்ந்தவள் நீ. எறிவது மட்டும்தான் ரோட்டில் எங்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது.

எல்லாருக்கும் வழி விட்டாய். கொடி கட்டிய ஜீப் நம்மை மண்ணில் தள்ளிவிட்டுப் போனால், “போய்ட்டு வாங்க.” எதிரே நம் பாதியில் வருகிற டெம்போவுக்கும், “போய்ட்டு வாங்க.” ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்: “நம்ம லேன்டீ அது. எதுக்கு விடுறே?”

“அவரு எங்கியோ போவணும்ங்க. நாம அவரை நிறுத்தி இன்னா பண்ணப் போறோம்?”

பயந்தவள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு மணல் லாரி வந்த அன்றைக்குப் போனது.

வாலாஜாபாத்துக்குள் நுழையும் இடத்தில் சின்னப் பிள்ளைகள் வரிசையாக ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். ஒன்றாவது இரண்டாவது படிக்கும் பிள்ளைகள், ஒருத்தர் பையை ஒருத்தர் பிடித்தபடி. நீ வண்டியை நிறுத்தினாய். பின்னால் பாலாற்று மணல் லாரி, தண்ணீர் சொட்டச் சொட்ட. ஹாரன். பிறகு எஞ்சினை உறுமவிட்டு ஒவ்வொரு அடியாக நம்மை நெருக்கினான். வலப்பக்கம் ஒடித்துத் தாண்டப் போகிறான் என்று தெரிந்தது. தாண்டினால் பிள்ளைகள் மேல்தான் போக வேண்டும். நீ ஸ்டியரிங்கை ஒடித்து நம் வண்டியை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தினாய். எஞ்சினை அணைத்தாய். சாவியை எடுத்து, கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை மூடினாய்.

ஜிப் மூடும் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. என் பக்க ஜன்னல் முழுக்க லாரியின் முன்பக்கம். லாரிக்காரர் இறங்கி வந்தார்.

“இன்னாமா, வண்டி ரிப்பேரா? நடுரோட்ல போட்டுக்கினு உக்காந்திருக்கே!”

“ரிப்பேர் இல்லண்ணா. புள்ளைங்க போறாங்க.”

“அதுக்கு?”

“அவங்கல்லாம் வூட்ல சொல்லிட்டு வந்திருக்காங்கண்ணா. சாயங்காலம் திரும்பிப் போவணும்.”

அவர் உன்னைப் பார்த்தார். அந்தத் தீப்பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், நான் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பிள்ளை அந்தப் பக்கம் போய்ச் சேரும் வரைக்கும் அவரும் நம் வண்டியில் சாய்ந்தபடி நின்றார். கடைசிப் பிள்ளையின் செருப்பு ஒன்று கழன்று நடுரோட்டில் கிடந்தது. அவரே போய் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

நீ ஜிப்பைத் திறந்து சாவியை எடுத்தாய். துளைக்குள் போக மூன்று தடவை ஆனது. அதைப் பார்த்தது நான் மட்டும்தான். பயமே இல்லாமல் செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பிரமிப்பு இருந்திருக்காது.

பிறகு அந்தக் காய்ச்சல். நான்கே நாள்.

ஆஸ்பத்திரியில் உன்னை உள்ளே கொண்டுபோகும்போது ஸ்ட்ரெச்சரிலிருந்து என்னைப் பார்த்து, “போய்ட்டு வரேங்க” என்றாய். என் கண் உன் விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் அளக்கும் கருவியில் இருந்தது. “தொண்ணூத்தி நாலு இருக்கு, பயப்படாத” என்று சொன்னேன்.

எண்ணைச் சொன்னேன். நீ கேட்டது எண் இல்லை. ரோட்டில் போகிற ஒவ்வொருவருக்கும் நீ சொன்னது, என்னிடமிருந்து உனக்கு வரவில்லை. கதவு மூடியது.

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போய்ட்டு வரேன் என்று சொல்வதில்லை. அந்த வழக்கம் தெரிந்ததுதான். ஆனால் நம் வீட்டிலிருந்து ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்தபடி, ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போனதைப் பார்த்தபோதுதான், வீடு அதை எவ்வளவு எதிர்பார்க்கும் என்று தெரிந்தது. நானும் அவர்கள் மாதிரியே ஆனேன். பூட்டைப் போடுவேன், இழுத்துப் பார்ப்பேன், படி இறங்கிவிடுவேன்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாளே கேட்டில் மஞ்சள் பஸ் இடப்பக்கம் வந்து நின்றது. நடுவில் நான் உட்காரும் சீட், காலியாக. அவர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்.

“டீச்சரம்மா எங்க சார்?”

“ஊருக்குப் போயிருக்கா.”

அது எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. “சரி சார், போய்ட்டு வரட்டும்” என்று உன் வார்த்தையையே சொன்னார். அந்த நேரத்தில் எனக்கு அது இதமாக இருந்தது, மன்னித்துக்கொள்.

ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்டார். “இன்னும் வரலியா? அம்மா வூட்டுக்கா?” பிறகு முகமெல்லாம் மலர, “ஆங்! விசேஷமா சார்?”

கல்யாணமாகி மூன்று வருஷம் ஆன பெண் பிறந்த வீட்டுக்குப் போய் வெகுநாள் திரும்பவில்லை என்றால் வேறு என்ன நினைப்பார்கள்? நான் தலையாட்டினேன். அவர் பஸ்ஸுக்குள் திரும்பி, “டீச்சரம்மா முழுகாம இருக்குதாம்பா!” என்றார். பூக்காரம்மா எனக்குக் கை காட்டினார்.

மறுநாளிலிருந்து முக்கால் மணி நேரம் முன்னாலேயே கிளம்பினேன். அந்த பஸ்ஸின் கண்ணில் படவே இல்லை. யாரிடமும் உன்னைப் பற்றிச் சாவைச் சொல்லும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை. அந்த பஸ்ஸில் மட்டும் நீ நாளாக நாளாக நிறைமாதம் ஆகிக்கொண்டிருந்தாய்.

நேற்று, ஒர்க்‌ஷாப்பினால் பழைய நேரத்துக்கு வந்து மாட்டிக்கொண்டேன்.

கேட் போட்டிருந்தது. வழக்கம் போல இரண்டு பக்கமும் ரோடு முழுக்க அடைத்துக்கொண்டு நின்றார்கள். கேட் திறந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு டூரிஸ்ட் வேன் நம் பாதியில் புகுந்து என் மூக்குக்கு நேரே வந்து நின்றது. நான் நகரவில்லை. பிடிவாதம் இல்லை, எதுவுமே தோன்றவில்லை. அவன் தலையை வெளியே நீட்டினான்.

“யோவ் பொடி டப்பா! பின்னால எடுய்யா! இன்னா முறைக்கிற? வூட்ல சொல்லிக்கினு வந்தியா?”

உன்னை மாதிரி பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்து வாயைத் திறந்தேன்.

“இல்ல” என்றேன். “சொல்லல.”

அவனுக்குப் புரியவில்லை. எனக்குக் கண் மறைத்தது. இறங்கி, பானெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கைக்கு அடியில் அந்தப் பழைய குழி. “சொல்லலை, எட்டு மாசமா சொல்லலை” என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன் போல. பின்னாலிருந்து ஒரு குரல், “யோவ் வேனு, கொஞ்சம் இரு. அது நம்ம டீச்சரம்மா வூட்டுக்காரரு!”

மஞ்சள் பஸ்காரர். பஸ்ஸை அப்படியே விட்டுவிட்டு இறங்கி ஓடி வந்தார். என்னைப் பார்த்த சந்தோஷத்தில் அவருக்கு வேனோ அடைப்போ ஒன்றும் கண்ணில் படவில்லை.

“எங்க சார் ஆளையே காணோம்? என் பொண்டாட்டி தெனமும் கேக்குறா. இன்னா கொழந்த சார்?” என்றவர் சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு கிலுகிலுப்பையை எடுத்தார். சிவப்பும் பச்சையுமாக, மரத்தில் செய்தது. “கருட சேவை கூட்டத்துல வாங்குனது சார். பஸ்லயே வெச்சிக்கினு இருந்தேன், எப்ப பாத்தாலும் குடுக்கலாம்னு.”

அது அவர் கையில் கலகலத்தது.

“அவ வர மாட்டாண்ணா” என்றேன். “ஊருக்குப் போகல. செத்துட்டா. நான் பொய் சொன்னேன். கொழந்தையும் இல்ல.”

அந்த வார்த்தை முதல் தடவையாக வெளியே வந்தது. கேட்டுக்கு இரண்டு பக்கமும் ஹாரன் கத்திக்கொண்டிருந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கிலுகிலுப்பையின் சத்தம் மட்டும் நின்றுவிட்டது தெரிந்தது. அவர் அதன் தலையை உள்ளங்கையால் பொத்தியிருந்தார், உள்ளே இருக்கிற மணி அசையாதபடி. அப்படியே பொத்தியபடி மெதுவாகப் பைக்குள் வைத்தார்.

ஏன் பொய் சொன்னாய் என்று அவர் கேட்கவில்லை. நம் வண்டியின் கூரை மேல் கையை வைத்தார். பிறகு திரும்பி நடந்து பஸ்ஸில் ஏறினார். வரேன் என்று சொல்லவில்லை. சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர் மாதிரியே போனார். எட்டு மாதம் தாமதமாக, ரயில்வே கேட்டில், உனக்கு அந்தத் துக்கம் நடந்தது.

வேன்காரன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அவனாகவே வண்டியைப் பின்னால் எடுத்தான். அவன் பின்னால் நின்றவர்களைக் கையைக் காட்டிக் காட்டி நகரச் செய்து, மண்ணில் இறங்கி, எனக்கு ரோட்டைக் கொடுத்தான். நான் தாண்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு நடந்ததைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். மஞ்சள் பஸ் என்னை முந்தவில்லை. நான் நாற்பதில் கூடப் போகவில்லை. கண் சரியாகத் தெரியவில்லை. ஆள் நிறைந்த பஸ், நேரத்துக்குப் போயாக வேண்டிய பஸ், நம் வண்டிக்குப் பின்னால் அத்தனை மைலும் அதே வேகத்தில் வந்தது. ஒரு சுரம்கூட அடிக்கவில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் வந்தவர்கள் அடித்தார்கள். அவர் யாரையும் என் பக்கம் விடவில்லை. மெக்கானிக் திருப்பி வைத்த கண்ணாடியில், முதல் தடவையாக, பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தேன். கர்ச்சீப்பைக் காலரிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார்.

பத்து டன். அறுநூற்றைம்பது கிலோ. நான் வகுத்துப் பார்க்கவில்லை.

நீ போன பிறகும் ரோடு உன் பேச்சைக் கேட்கிறது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் எனக்குத் தெரியாமல், அந்த ரோட்டில் நீ இதையெல்லாம் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

வாலாஜாபாத்துக்குச் சற்று முன்னால் மண்ணில் இறங்கி நிறுத்தினேன். வலக்கையை வெளியே நீட்டி, போகச் சொல்லி அசைத்தேன். பஸ் பக்கத்தில் வந்தபோது, “போய்ட்டு வாங்கண்ணா” என்றேன். அவர் உட்காருவது அந்தப் பக்கம், அவருக்குக் கேட்டிருக்காது. ஜன்னலோரம் இருந்த பூக்காரம்மாவுக்குக் கேட்டிருக்கும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தாண்டிப் போன பிறகு ஒரே ஒரு சுரம், சின்னதாக.

இன்று காலை சீட்டை இரண்டாவது பல்லுக்கு இழுக்கலாமா என்று யோசித்தேன். முழங்கால் இடிக்கிற இடத்திலிருந்து பிரேக்குக்குக் கால் போவதற்குள் எவ்வளவு தூரம் வண்டி ஓடிவிடும் என்று எனக்குத் தெரியும். நீ இருந்தால் என்ன சொல்வாய் என்றும் தெரியும். சீட்டை ஏழிலேயே விட்டேன். தண்டில் இரண்டாவது பல்லுக்கு நேரே வெள்ளைப் பெயின்டில் ஒரு புள்ளி மட்டும் வைத்தேன்.

வண்டியிலிருந்து இறங்கித் திரும்பப் படியேறினேன். ஏற்கெனவே பூட்டிய கதவு. உள்ளங்கையை வைத்தேன். நீ வைத்த உயரம் என் மார்பளவு வரும், அங்கேயே வைத்தேன். கீழ் வீட்டு அக்கா துணி உலர்த்திக்கொண்டே பார்த்தார். பார்க்கட்டும். “போய்ட்டு வரேன்” என்றேன். உள்ளே யாரும் இல்லை. ஆனால் நீ சொன்னது சரிதான். கால் நகர்ந்தது.

இனி ரோட்டில் யார் கேட்டாலும் என்னிடம் பதில் இருக்கிறது. உனக்குத் தர வேண்டிய பதில்தான் பாக்கி. ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு நீ சொன்னாய். நான் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது உன்னைப் பார்த்துச் சொல்கிறேன்.

போய்ட்டு வா.